கரோலஸ் லினேயஸ்: உற்றுநோக்கிப் பெயரிட்டவர்



உயிரினங்களுக்கு இருசொற் பெயரீட்டு முறையை நிலைநாட்டியவர் யார் என்று வினா வந்தால், கரோலஸ் லினேயஸ் என்று உடனே எழுதிவிடுவீர்கள். அதற்குரிய புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால், அவர் உயிரினங்களை எவ்வாறு இனங்கண்டார் என்பதை விளக்கும்படி கேட்டால் உங்களிற் பலர் பேனாவை வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்குகிறீர்கள். பெயரை மனனம் செய்திருக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் நடந்த வேலையை அறிந்துகொள்ளவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இப்பகுதியில் லினேயஸின் வாழ்க்கை வரலாற்றைப் படிப்போம். கூடவே ஐரோப்பியக் காடுகளிற் பறக்கும் ஒரு சிறிய அந்துப்பூச்சியையும் எடுத்துக்கொள்வோம். சிறகுகளை விரித்தாலும் அது ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலமே இருக்கும். அதன் உணர்கொம்புகளோ உடலைவிடப் பல மடங்கு நீளமானவை. 1758 ஆம் ஆண்டு அதற்குப் பெயரிட்டவர் லினேயஸ். இந்த ஓர் அந்தைத் தோற்றத்தைக் கொண்டு இனங்காணக் கற்றுக்கொண்டால், லினேயஸ் தம் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை எத்தகையது என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

1. பிறப்பும் இளமையும்

லினேயஸ் 1707 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆந் திகதி சுவீடன் நாட்டின் தென்பகுதியில் உள்ள ரோஷுல்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நீல்ஸ் ஒரு கிறித்தவ மதகுரு. தாயார் பெயர் கிறிஸ்டினா. அக்காலச் சுவீடனிற் சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. தந்தையின் பெயரையே மகன் சேர்த்துக்கொள்வான். நீல்ஸ் பல்கலைக்கழகம் சென்றபோது ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. தம் குடும்பத்தாரின் காணியில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து லினேயஸ் என்று வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான செடிகொடிகளுக்குப் பெயரிட்டவரின் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

தந்தையார் தோட்டக்கலையில் மிகுந்த ஈடுபாடு உடையவர். மகன் சிறுவனாக இருந்தபோதே செடிகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார். சிறுவனுக்கென ஒரு சிறு பாத்தியும் ஒதுக்கப்பட்டது.

2. பாடசாலையில் பின்தங்கிய மாணவன்

வெக்சோ நகரப் பாடசாலையிற் சேர்க்கப்பட்ட லினேயஸ் அங்கு சிறந்த மாணவனாக விளங்கவில்லை. மதகுருவாக வேண்டியவருக்கு அவசியமான பாடங்களில் அவருக்கு நாட்டமில்லை. வகுப்பைவிட வயல்வெளியே அவருக்குப் பிடித்திருந்தது. இந்தப் பிள்ளை படிப்புக்குச் சரிவராது என்று ஆசிரியர்கள் தந்தையாரிடம் கூறினர். மனமுடைந்த தந்தையார், மகனை ஏதாவது கைத்தொழில் பழக அனுப்பிவிடலாமா என்றுகூட எண்ணினார்.

அந்த நேரத்தில் யோஹான் றொத்மன் என்னும் வைத்தியர் குறுக்கிட்டார். அவர் அப்பாடசாலையில் ஆசிரியராகவும் இருந்தார். இம்மாணவன் மதகுருவாக ஆகாவிட்டாலும் நல்ல வைத்தியனாக வருவான் என்று தந்தையாருக்கு எடுத்துக்கூறி, தம் வீட்டிலேயே தங்கவைத்துத் தாவரவியலும் மருத்துவமும் கற்பித்தார். அக்காலத்தில் மருந்துகளிற் பெரும்பாலானவை மூலிகைகளே. எனவே வைத்தியம் கற்பவர் தாவரங்களை இனங்காணத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர்களே, ஒரு பாடத்திற் புள்ளி குறைந்தவுடன் தம்மைத் தாமே தள்ளிவைக்கும் பிள்ளைகளை நான் வகுப்பிற் காண்கிறேன். றொத்மன் போன்ற ஒருவர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் லினேயஸ் தமக்குப் பிடித்த வேலையைக் கைவிடாமல் இருந்தபடியால்தான் றொத்மனின் கண்ணிற் பட்டார் என்பதையும் கவனியுங்கள்.

3. பல்கலைக்கழகமும் பயணமும்

1727 இல் லுண்ட் பல்கலைக்கழகத்திலும், அடுத்த ஆண்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்திலும் லினேயஸ் சேர்ந்தார். வறுமை வாட்டியது. பழைய சப்பாத்தின் ஓட்டைக்குக் கடதாசி வைத்து அணிந்தார் என்று சொல்லப்படுகிறது. அங்கு ஒலோப் செல்சியஸ் என்னும் பேராசிரியர் அவரது தாவர அறிவைக் கண்டு வியந்து தம் வீட்டில் இடங்கொடுத்தார். பூக்களின் கேசரங்களை எண்ணித் தாவரங்களை வகைப்படுத்தலாம் என்ற எண்ணம் இக்காலத்திலேயே லினேயஸிடம் உருவாயிற்று.

1732 இல், உப்சாலா அறிவியற் கழகத்தின் உதவியுடன் வடக்கே உள்ள லாப்லாந்துப் பகுதிக்குச் சென்றார். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அலைந்து தாவரங்கள், விலங்குகள், பாறைகள், அங்கு வாழும் சாமி மக்களின் வாழ்க்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். கண்ட இடத்திலேயே குறிப்பெடுக்கும் பழக்கம் இப்பயணத்தில் அவருக்கு உறுதிப்பட்டது.

4. ஏழு தலை நாகம்

1735 இல் மேற்படிப்புக்காக ஒல்லாந்து நோக்கிப் புறப்பட்ட லினேயஸ் வழியில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிற் தங்கினார். அங்கு பெரிய இடத்தவர் ஒருவரிடம் ஏழு தலைகளையுடைய நாகம் ஒன்று பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்க்கப் பலர் வந்தனர். பெரும் விலைக்கு விற்கும் பேச்சும் நடந்தது.

லினேயஸ் அதை அருகிற் சென்று உற்றுநோக்கினார். வாய்களைத் திறந்து பற்களைப் பார்த்தார். அவை பாம்பின் பற்களல்ல, மரநாய் இனத்தைச் சேர்ந்த வீசல் என்னும் சிறு விலங்கின் தாடைகள். கால்களும் அவ்விலங்கினுடையவையே. மேலே பாம்புத் தோலை ஒட்டியிருந்தார்கள். இது மனிதர் செய்த போலி என்பதை அவர் வெளிப்படுத்தினார். நாகத்தின் விலை வீழ்ந்தது. உரிமையாளரின் கோபத்துக்கு அஞ்சி லினேயஸ் விரைவாக ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

எல்லோரும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் பற்களைப் பார்த்தார். கண்ணைக் கவரும் ஓர் அம்சத்தோடு நின்றுவிடாமல் ஏனைய உறுப்புகளையும் சரிபார்த்தல் என்னும் இவ்வழியே அந்துப்பூச்சிக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர் காண்பீர்கள்.

5. ஒல்லாந்தில் மூன்று ஆண்டுகள்

ஒல்லாந்தின் ஹார்டர்வைக் நகரில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே 1735 ஆம் ஆண்டில் லைடன் நகரில் சிஸ்டெமா நாட்டூரே, அதாவது இயற்கையின் ஒழுங்கு, என்னும் நூலை வெளியிட்டார். முதற் பதிப்பு மிகப் பெரிய தாள்களில் ஒரு டசின் பக்கங்கள் அளவே இருந்தது. விலங்கு, தாவரம், கனியம் ஆகிய மூன்று இராச்சியங்களையும் அதில் அட்டவணைப்படுத்தினார். பின்னர் ஜோர்ஜ் கிளிபர்ட் என்னும் செல்வந்தரின் தோட்டத்தைப் பராமரித்து அத்தோட்டத்துத் தாவரங்களைப் பற்றியும் நூலெழுதினார்.

1738 இல் தாய்நாடு திரும்பி ஸ்டொக்ஹோமில் வைத்தியராகப் பணிபுரிந்தார். 1739 இல் சுவீடன் அரச அறிவியற் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகி அதன் முதலாவது தலைவருமானார். அதே ஆண்டில் சாரா எலிசபெத் என்னும் பெண்ணை மணந்தார். 1741 இல் உப்சாலாவிற் பேராசிரியரானார். இறக்கும்வரை அவ்வூரே அவரது இருப்பிடமாயிற்று.

6. இலங்கையும் லினேயஸும்

லினேயஸ் இலங்கைக்கு ஒருபோதும் வந்ததில்லை. எனினும் நம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி அவர் தனி நூலொன்று எழுதியுள்ளார். 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கையிற் பணிபுரிந்த போல் ஹெர்மன் என்பவர் இங்குள்ள செடிகளைச் சேகரித்து உலர்த்திப் புத்தகங்களில் ஒட்டி வைத்திருந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர் அத்தொகுப்பு லினேயஸின் கைக்கு வந்தது. அதனை ஆராய்ந்து 1747 இல் புளோரா செய்லானிக்கா என்னும் நூலை வெளியிட்டார்.

பின்னர் 1753 இல் வெளிவந்த ஸ்பீசீஸ் பிளான்டாரம் என்னும் நூலில் தாவரங்களுக்கு இருசொற் பெயர்களை ஒழுங்காக வழங்கினார். நம் பனைக்குரிய பொராசஸ் பிளபெலிபர் என்னும் பெயர் அதில் இட்டதே. பிளபெலிபர் என்றால் விசிறியைத் தாங்குவது என்று பொருள். பனையோலையின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். கொடிவேலிக்கு பிளம்பாகோ செய்லானிக்கா என்று பெயரிட்டார். அப்பெயரில் நம் நாடே இடம்பெற்றுள்ளது.

7. இருசொற் பெயரீட்டு முறை

லினேயஸுக்கு முன்னர் ஒரு செடியையோ பூச்சியையோ குறிப்பிட இலத்தீன் மொழியில் நீண்ட சொற்றொடர் ஒன்றை எழுதுவர். புதிய இனமொன்று கிடைத்தால் அதிலிருந்து பிரித்தறிவதற்காக அத்தொடர் மேலும் நீளும். லினேயஸ் இதனை இரண்டு சொற்களாகச் சுருக்கினார். முதற் சொல் சாதியைக் குறிக்கும். இரண்டாவது சொல் இனத்தைக் குறிக்கும்.

தமிழ் படித்த உங்களுக்கு இது புதியதல்ல. சாரைப்பாம்பு என்பதை இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்று இலக்கணத்திற் படித்திருக்கிறீர்கள். சாரை சிறப்புப்பெயர், பாம்பு பொதுப்பெயர். தமிழிற் சிறப்புப்பெயர் முன்னும் பொதுப்பெயர் பின்னும் வரும். லினேயஸின் முறையிற் பொதுப்பெயர் முன்னும் சிறப்புப்பெயர் பின்னும் வரும். வேறுபாடு அவ்வளவே.

1758 இல் சிஸ்டெமா நாட்டூரேயின் பத்தாம் பதிப்பு வெளிவந்தது. முதற் பதிப்பில் ஒரு டசின் பக்கங்களாக இருந்த நூலின் விலங்குப் பகுதி மட்டும் இப்பொழுது 800 பக்கங்களைத் தாண்டியது. ஏறத்தாழ 4,400 விலங்கினங்கள் அதில் இடம்பெற்றன. விலங்குகளின் அறிவியற் பெயர்களுக்கு இப்பதிப்பே தொடக்கம் என்று உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. நம் அந்தும் இந்நூலில்தான் பெயர் பெற்றது.

8. அந்துப்பூச்சிகளை அவர் பிரித்த விதம்

பூச்சிகளை லினேயஸ் பெரும்பாலும் சிறகுகளை வைத்து ஏழு வருணங்களாகப் பிரித்தார். செதில்கள் மூடிய சிறகுகளை உடையவை லெப்பிடொப்டெரா என்னும் வருணம். வண்ணத்துப்பூச்சியும் அந்தும் இதற்குள் அடங்கும். அதனை மூன்று சாதிகளாக்கியபோது உணர்கொம்பின் வடிவத்தைக் கவனித்தார். நுனி தடித்த உணர்கொம்புடையவை பப்பிலியோ, அதாவது வண்ணத்துப்பூச்சிகள். நடுப்பகுதி தடித்தவை ஸ்பிங்ஸ். அடியிலிருந்து நுனிநோக்கி ஒடுங்கிச் செல்பவை பலீனா, அதாவது ஏனைய அந்துகள்.

பலீனா மிகப் பெரிய கூட்டமாக இருந்தபடியால் அதனை மேலும் ஏழு பிரிவுகளாக்கினார். சில பிரிவுகளின் இனப்பெயர்களுக்குத் தனித்தனி விகுதியும் கொடுத்தார். டினியா என்னும் சிறு அந்துகளின் பெயர்கள் எல்லா என்று முடியும். டோர்ட்ரிக்ஸ் பிரிவின் பெயர்கள் அனா என்றும், பிராலிஸ் பிரிவின் பெயர்கள் அலிஸ் என்றும் முடியும். தமிழில் வந்தான், வந்தாள் என்று விகுதியைக் கொண்டே ஆணா பெண்ணா என்று அறிகிறோம் அல்லவா? அதுபோல, பெயரின் முடிவைப் பார்த்தே அந்து எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ளலாம்.

9. நீண்ட கொம்பு அந்தை இனங்காணல்

லினேயஸ் பலீனா டினியா டிகீரெல்லா என்று பெயரிட்ட அந்து இன்று நெமொபோரா டிகீரெல்லா எனப்படுகிறது. அடேலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஈரலிப்பான காடுகளின் ஓரங்களில் மே முதல் ஜூலை வரையான காலப்பகுதியிற் பறக்கும். அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், ஒரு சிறு பூச்சி இலைமேல் வந்து அமர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் படிகளில் அதனை இனங்காணலாம்.

படி 1: இது அந்துதானா?
நீண்ட உணர்கொம்பைக் கண்டதும் முடிவு செய்துவிடாதீர்கள். நீண்ட கொம்பு வண்டுகளும் உள்ளன. ஆனால் வண்டின் முன்சிறகு கடினமான உறைபோன்றது. கடிஸ் ஈக்கள் என்னும் நீரோரப் பூச்சிகளிலும் நீண்ட உணர்கொம்புடையவை உண்டு. இவை அந்தைப்போலவே தோன்றும். கைவில்லையால் சிறகைப் பாருங்கள். கடிஸ் ஈயின் சிறகில் மயிர்களும், அந்தின் சிறகிற் செதில்களும் இருக்கும். சுருட்டிக்கொள்ளத்தக்க உறிஞ்சு குழல் இருந்தால் அது அந்தே.

படி 2: எந்நேரம் பறக்கிறது?
அந்துகள் எல்லாம் இரவிற் பறப்பவை என்று பலர் எழுதுகிறீர்கள். அது பிழை. இந்த அந்து பகலிற் பறப்பது. ஆண்கள் வெயில் விழும் இடங்களிற் செடிகளுக்கு மேலே கூட்டமாக ஏறியும் இறங்கியும் பறக்கும். அவ்வேளை வெண்ணிற உணர்கொம்புகள் வெயிலில் நூலிழைபோல மினுங்கும்.

படி 3: உணர்கொம்பின் நீளம்
ஆணின் உணர்கொம்பு முன்சிறகின் நீளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும். மெல்லியது, பெரும்பகுதி வெண்மையானது.

படி 4: ஆணா, பெண்ணா?
பெண்ணின் உணர்கொம்பு ஆணினதைவிட மிகவும் குட்டையானது. அதன் கீழ்ப்பகுதி கருஞ்செதில்களால் தடித்தும், நுனிப்பகுதி வெளிறியும் இருக்கும். இதை அறியாதவர் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாகக் கருதிவிடுவர். இந்தப் படியிலேயே பலர் வழுக்குகின்றனர்.

படி 5: முன்சிறகின் கோலம்
சிறகை விரித்த நிலையில் அகலம் ஏறத்தாழ 16 முதல் 23 மில்லிமீற்றர் வரை. முன்சிறகு பொன்கலந்த கபில நிறம். அதன்மேல் நீளவாக்கில் மஞ்சட் கோடுகள் ஓடும். சிறகின் நடுவைத் தாண்டிக் குறுக்காக ஒரு மஞ்சட் பட்டி இருக்கும். அப்பட்டியின் இரு ஓரங்களிலும் உலோகம்போல மினுங்கும் ஊதாக் கரை உண்டு. ஆணிலும் பெண்ணிலும் இக்கோலம் காணப்படுவதால் இதுவே நம்பத்தக்க அடையாளம்.

படி 6: ஒத்த இனங்களை நீக்குதல்
ஒன்றைச் சரியென்று எழுதுவதற்கு முன்னர் ஏனையவை ஏன் சரியல்ல என்று காட்ட வேண்டும். பின்வரும் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அடேலா ரியோமுரெல்லா: முன்சிறகு முழுவதும் உலோகப் பச்சை நிறம். குறுக்குப் பட்டி இல்லை. ஆணின் தலையிற் கருமயிர்கள் அடர்ந்திருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓக் மரங்களைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கும்.

அடேலா குரோசெல்லா: குறுக்குப் பட்டி உண்டு. எனவே எளிதில் மயங்கச் செய்யும். ஆனால் அளவிற் சிறியது. 11 முதல் 14 மில்லிமீற்றர் அளவே வரும். ஆணின் உணர்கொம்பும் ஒப்பீட்டளவிற் குட்டையானது.

ஆகவே விடை எழுதும்போது உணர்கொம்பு நீளமானது என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன மூன்று இனங்களுக்கும் அது பொது. பொது இயல்பு குடும்பத்தைக் காட்டும். சிறப்பியல்பே இனத்தைக் காட்டும்.

10. பெயருக்குள் இருக்கும் மனிதர்கள்

டிகீரெல்லா என்னும் பெயர் சார்ள்ஸ் டி கீர் என்பவரை நினைவுகூர்வது. 1720 இற் பிறந்த இவர் சுவீடனிற் பெரிய இரும்புத் தொழிலகமொன்றின் உரிமையாளர். செல்வந்தராக இருந்தும் பூச்சிகளை வளர்த்து, அவதானித்து, பிரெஞ்சு மொழியில் எட்டுப் பகுதிகளைக் கொண்ட நூலொன்றை எழுதினார். அதன் முதற்பகுதி 1752 இலும் இறுதிப்பகுதி 1778 இலும் வெளிவந்தன. ஒருவகைத் தாய்ப்பூச்சி தன் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் செய்வதை அவர் கண்டு எழுதினார்.

ரியோமுரெல்லா என்னும் பெயர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரேயோமூரைக் குறிப்பது. வெப்பமானி அளவுத்திட்டம் ஒன்றாலும் புகழ்பெற்றவர் இவர். 1734 முதல் 1742 வரை பூச்சிகளைப் பற்றி ஆறு பகுதிகள் எழுதினார். 1757 இல் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த லினேயஸின் நூலில் அவர் பெயர் ஓர் அந்தின் பெயராக நின்றது.

இருவரும் பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள். லினேயஸ் பூச்சிகளின் உருவத்தை ஒழுங்குபடுத்தியவர். ஒருவரது வேலை மற்றவருக்குத் தேவையாக இருந்தது. நெருங்கிய உறவுடைய இரண்டு அந்துகளுக்கு அவ்விருவரின் பெயர்களையும் இட்டு லினேயஸ் தம் நன்றியைச் செலுத்தினார் எனலாம்.

கவனிக்க: இன்று இந்த அந்தின் முழுப்பெயரை எழுதும்போது இறுதியில் லினேயஸ், 1758 என்பது அடைப்புக்குறிக்குள் இடப்படும். முதலிற் பெயரிட்டவர் வைத்த சாதி பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்பதே அந்த அடைப்புக்குறியின் பொருள். பலீனா என்னும் சாதியிலிருந்து நெமொபோராவுக்கு மாற்றப்பட்டபோதும், டிகீரெல்லா என்னும் இனப்பெயர் மாறவில்லை.

11. ஆசிரியராக லினேயஸ்

உப்சாலாவில் அவரது வெளிக்களப் பயணங்கள் பெயர்பெற்றவை. நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் சில நாட்களில் அவருடன் புறப்படுவர். கையில் வலை, தொப்பியிற் குத்திய பூச்சிகள், மாலையிற் காளமும் முரசும் முழங்க ஊர் திரும்புதல் என்று அது ஒரு திருவிழாப் போலவே இருக்கும். இந்த ஆரவாரத்தை விரும்பாதவர்களும் பல்கலைக்கழகத்தில் இருந்தனர்.

அவரது மாணவர்கள் பலர் தொலைதூர நாடுகளுக்குச் சென்று உயிரினங்களைச் சேகரித்தனர். அவர்களுட் சிலர் நோயினால் வழியிலேயே இறந்தனர். துன்பெர்க் என்னும் மாணவர் ஜப்பான் சென்று திரும்பும் வழியில் 1777 இல் இலங்கைக்கு வந்து இங்கும் தாவரங்களைச் சேகரித்தார். 1779 இல் அவர் சுவீடனை அடைந்தபோது ஆசிரியர் உயிருடன் இல்லை.

12. அவர் செய்த தவறுகள்

பெரியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்களின் தவறுகளையும் படிக்க வேண்டும். சுவலோப் பறவைகள் குளிர்காலத்தை நீருக்கடியிற் கழிக்கின்றன என்று லினேயஸ் நம்பினார். அது உண்மையல்ல. மலார்ட் என்னும் வாத்தின் ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபட்டவை. 1758 ஆம் ஆண்டு நூலில் அவர் அவற்றை இரண்டு இனங்களாகவே எழுதிவிட்டார். மேலே நான்காம் படியில் உங்களை எச்சரித்த அதே தவறு!

இன்னொன்று இதைவிடப் பாரதூரமானது. மனிதரைக் கண்டங்களுக்கு ஏற்ப நான்கு வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையினருக்கும் குணங்களையும் கற்பித்தார். தோலின் நிறத்திலிருந்து குணத்தைக் கூறமுடியாது. இதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. எனினும் பிற்காலத்தில் மனிதரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பிரிக்க விரும்பியோருக்கு அந்த எழுத்து துணைபோயிற்று. பாம்பின் பல்லைப் பார்த்து உண்மையைக் கண்டவர், மனிதரிடத்தில் தாம் பார்க்காததையும் எழுதிவிட்டார். பெயரிடும் உரிமை எவ்வளவு பொறுப்பானது என்பதை இது காட்டுகின்றது.

13. இறுதிக் காலம்

1761 இல் லினேயஸுக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. அதன்பின் கார்ல் வொன் லின்னே என்று அழைக்கப்பட்டார். 1774 இற் பாரிசவாதம் தாக்கியது. பின்னர் நினைவாற்றல் படிப்படியாகக் குறைந்தது. தம்முடைய சொந்த நூல்களையே அடையாளங் காணமுடியாதவராகவும், தம் பெயரையே மறந்தவராகவும் ஆகிவிட்டார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆயிரமாயிரம் உயிர்களுக்குப் பெயரிட்டவருக்கு இத்தகைய முடிவு வந்தது.

1778 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆந் திகதி, தமது 70 ஆவது வயதில் காலமானார். உப்சாலாப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் டி கீரும் காலமானார்.

லினேயஸின் மகனும் 1783 இல் இறந்தபின், மனைவி சாரா அவரது நூல்களையும் சேகரிப்பையும் விற்க வேண்டியிருந்தது. 1784 இல் ஜேம்ஸ் எட்வேர்ட் ஸ்மித் என்னும் 24 வயது ஆங்கிலேய மருத்துவ மாணவர் அவற்றை வாங்கினார். அவர் 1788 இல் இலண்டனில் லினேயன் சங்கத்தை நிறுவினார். லினேயஸின் தாவரங்களும் பூச்சிகளும் அங்கு பாதுகாக்கப்படுகின்றன.

14. இன்றைய நிலை

லினேயஸ் பெயரிட்ட அந்தின் கதை அவரோடு முடியவில்லை. டிகீரெல்லா என்று ஐரோப்பா எங்கும் ஒரே இனமாகக் கருதப்பட்டவற்றுள் மிக நெருங்கிய வேறு இனங்களும் கலந்திருந்தன என்று 2017 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. உருவ அமைப்பையும் டீ.என்.ஏ. யையும் சேர்த்துப் பார்த்தே இதனைக் கண்டறிந்தார்கள். 250 ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேர் பார்த்த அந்திலும் பார்க்க வேண்டியது மீதி இருந்தது. இதனால் தோற்றத்தைக் கொண்டு இனங்காணல் பயனற்றது என்று எழுதிவிடாதீர்கள். எந்த மாதிரியை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் செல்வது என்பதை முதலில் முடிவு செய்வது கண்தான்.

நினைவிற் கொள்க

1707 – பிறப்பு
1732 – லாப்லாந்துப் பயணம்
1735 – சிஸ்டெமா நாட்டூரே முதற் பதிப்பு
1741 – உப்சாலாவிற் பேராசிரியர்
1747 – இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூல்
1753 – தாவரங்களுக்கு இருசொற் பெயர்கள்
1758 – பத்தாம் பதிப்பு, விலங்குகளுக்கு இருசொற் பெயர்கள்
1778 – மறைவு
1788 – இலண்டனில் லினேயன் சங்கம்

பயிற்சி வினாக்கள்

1. இருசொற் பெயரீட்டு முறையில் ஒவ்வொரு சொல்லும் எதனைக் குறிக்கும்? தமிழ்த் தொகைச்சொல் ஒன்றுடன் ஒப்பிட்டு விளக்குக.
2. லினேயஸ் இலங்கைக்கு வராமலே இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுத முடிந்தது எவ்வாறு?
3. நெமொபோரா டிகீரெல்லாவை அடேலா ரியோமுரெல்லாவிலிருந்து பிரித்தறிய உதவும் இரண்டு இயல்புகளைத் தருக.
4. உணர்கொம்பின் நீளத்தை மட்டும் கொண்டு ஓர் அந்தின் இனத்தைத் தீர்மானிப்பது ஏன் பொருத்தமற்றது?
5. ஏழு தலை நாகம், மலார்ட் வாத்து ஆகிய இரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டு, உற்றுநோக்கலின் முக்கியத்துவம் பற்றி 150 சொற்களில் எழுதுக.

நான்காம் வினாவுக்கான குறிப்பு: நீண்ட உணர்கொம்பு பல இனங்களுக்குப் பொது, கடிஸ் ஈக்களிலும் காணப்படும், ஆணுக்கும் பெண்ணுக்கும் நீளம் வேறுபடும். மூன்று காரணங்களையும் எழுதினாற்தான் முழுப் புள்ளி கிடைக்கும்.

செய்து பாருங்கள்: இன்றிரவு உங்கள் வீட்டு விளக்கடியில் வந்து விழும் பூச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சிறகின் நிறம், உணர்கொம்பின் வடிவம், அளவு, கண்ட நேரம் ஆகிய நான்கையும் கொப்பியிற் குறித்து, பக்கத்திற் படமும் வரையுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது அந்தப் பக்கத்தைக் கொண்டுவாருங்கள்.